வைக்கோல் போர் யார் வீட்டு வாசலில் நின்றது?



ஆண்டு மலருக்கு நம்ம பகுதியின் வரலாறு ஏதாவது ஒன்றை எழுதித் தாருங்கள் என்று மாதக் கூட்டத்தில் கேட்டார்கள். ஒருத்தர் கோயில் என்றார், ஒருத்தர் குளம் என்றார். நான் "வைக்கோல்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "வைக்கோலுக்கு என்னடி வரலாறு? மாடு தின்னா சாணி, அவ்வளவுதானே" என்று பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். புத்தகத்தில் வருகிற ராஜா கதை எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வைக்கோலால் வந்த சந்தோஷமும் கஷ்டமும் தெரியும். நாம் எல்லாரும் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துக்காரர்கள். தை மாசம் வந்தால் வயலில் வைக்கோல் சீப்படும். ஐப்பசி வந்தால் அதே வைக்கோலுக்கு வீடு வீடாக அலைவோம். ஒரே வைக்கோல், ஒரே ஊர், விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குது? இதைக் கொஞ்சம் பின்னாடி போய் யோசித்துப் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

அப்பாயி காலத்துப் போர்

என் அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர்கள். குடியிருந்த குடிசையும் பண்ணை மனையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் சம்பா நெல் ஆள் உயரம் வளருமாம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்கள் ஐந்தரை மாசப் பயிர். அறுக்கும்போது அரி அரியாகப் போட்டு, வைக்கோல் பிரியால் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டு வருவார்கள். அங்கே முதலில் கையால் கட்டடிப்பார்கள். அப்புறம் தாளை அடுக்கி வைத்திருந்து, சில நாள் கழித்துப் பிரித்துப் போட்டு, மாடுகளை வரிசையாகப் பிணைத்து மேலே சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். அதுதான் போரடிப்பு. ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச நெல்லும் அதில் உதிர்ந்துவிடும். மாட்டுக் காலில் மிதிபட்ட வைக்கோல் மெத்தை மாதிரி மெதுவாக இருக்கும். மாடு அதை விரும்பித் தின்னும்.

அந்த வைக்கோலுக்கு எத்தனை வேலை இருந்தது என்று அப்பாயி விரல் விட்டு எண்ணுவார். மாட்டுக்குத் தீனி, வீட்டுக்குக் கூரை, சுவருக்கு மிதிக்கிற மண்ணில் கலவை, கட்டு கட்டப் பிரி, விதை நெல் வைக்கிற கோட்டை, சட்டி பானைக்குச் சும்மாடு, பிள்ளை பெற்றவளுக்குப் படுக்கை. ஊரில் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

"அப்ப உங்க வீட்டுல எத்தனை போர் இருந்துச்சு அப்பாயி?" என்று சின்ன வயதில் கேட்டேன். அப்பாயி சிரித்தார். "எங்களுக்கு ஏது போரு? போரு போட எடம் வேணாமா? மனையே அவங்களுது" என்றார். அறுத்தது, சுமந்தது, அடித்தது, போர் போட்டது எல்லாம் இவர்கள்தான். போர் நின்றதோ பண்ணை வீட்டுக் கொல்லையில். கூரை பிய்ந்தால் நாலு கட்டு வைக்கோலுக்கு அங்கே போய் நிற்க வேண்டும். கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் மழையில் ஒழுகும்.

1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது நம்ம ஊரெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாதான். அதற்குப் பிறகு 1971-ல், விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம் என்று இன்னொரு சட்டம் வந்தது. எங்கள் தாத்தாவுக்கு மனை சொந்தமானது அப்போதுதான். மனை கிடைத்த பிறகு வந்த தை மாசம், குத்தகைக்குப் பிடித்த வயலின் வைக்கோலைக் கொண்டு வந்து வாசல் ஓரத்தில் தாத்தா முதல் போர் போட்டாராம். ரொம்பச் சின்னப் போர், ஆள் உயரம்கூட இல்லை. "அன்னைக்கு ராத்திரி உங்க தாத்தா தூங்கல. எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் போரைத் தொட்டுப் பாத்துட்டு வந்தாரு" என்று அப்பாயி சொல்வார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. வைக்கோல் எல்லாரும் பார்க்க விளைகிறது. ஆனால் அதை வைத்துக்கொள்ள இடம் உள்ளவருக்குத்தான் அது சொத்து.

பயிர் குள்ளமானது, வைக்கோலும் குறைந்தது

1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கமாயிற்று. குறுவை, சம்பா, தாளடி என்று நாம் கணக்குப் பண்ணுவது எல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான். 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற புது ரகங்கள் வந்தன. உரம் போட்டால் நெல் கூடுதலாக விளைந்தது. வயிறு நிறையச் சோறு கிடைத்தது அதனால்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ரகங்கள் பெரும்பாலும் குட்டைப் பயிர். பயிர் குட்டை என்றால் வைக்கோலும் குட்டை. கூரைக்கு அது தாங்காது. கூரைக்கு ஆகாத வைக்கோல் மாட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினாரே நெல் ஜெயராமன் ஐயா, 2018-ல் காலமானவர், அவர் 170-க்கும் மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடி மீட்டார். இப்போதும் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் வயலில் அந்த உயரமான தாளைப் பார்க்கலாம். என் மாமியார் ஒரு தடவை அந்த வயலைப் பார்த்துவிட்டு, "நெல்லு கெடக்கட்டும், வைக்கோலப் பாருடி" என்றார்.

குறுவை வைக்கோலுக்கும் சம்பா வைக்கோலுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும். அப்போது மழை பிடித்துக்கொள்ளும். நெல்லைக் காயவைக்கவே இடம் இல்லாதபோது வைக்கோலை யார் காயவைப்பது? பாதி வயலிலேயே அழுகிப்போகும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் பனியும் வெயிலுமாக இருக்கும்போது அறுபடும். அந்த வைக்கோல்தான் பொன் நிறமாக, வாசமாக இருக்கும். வருஷம் முழுக்க மாடு தின்ன வேண்டிய வைக்கோல் இந்த இரண்டு மாசத்தில்தான் மொத்தமாக வயலுக்கு வருது. விலை இறங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

மிஷின் வந்த கதை

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அப்பா வைக்கோலை மாட்டு வண்டிக் கணக்கில் விற்பார். பக்கத்து ஊர்க்காரர்தான் வாங்குவார். உதிரி வைக்கோல் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. லாரியில் ஏற்றினால் பாதி லாரி காற்றுதான். அதனால் தூரத்துக்குப் போகாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் நாலு ஊருக்குள்ளே அடங்கிவிடும்.

அப்புறம் அறுப்பு மிஷின் வந்தது. முதலில் டயர் வண்டி, சேற்றில் இறங்க பெல்ட் வண்டி. நாங்கள் அரிவாள் எடுத்துப் போன அறுப்புக்கூலி அதோடு போனது. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். வைக்கோலுக்கு வருகிறேன். மிஷின் கதிரை மேலாக அறுக்கும். அடித்தாள் வயலிலேயே நிற்கும். மேல் தாளை நசுக்கித் துண்டு துண்டாக வயல் முழுக்கத் தூவிவிட்டுப் போய்விடும். அதைக் கூட்டி அள்ள ஆள்கூலி கட்டாது. அந்த இடைக்காலத்தில் எத்தனையோ பேர் வைக்கோலை வயலிலேயே கொளுத்தினார்கள். மாடு வைத்திருந்தவர்களும் மாட்டை விற்றார்கள்.

பிறகு வைக்கோல் கட்டும் மிஷின் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வயலில் கிடப்பதை வாரிச் சுருட்டி உருளையாகக் கயிறு சுற்றித் தள்ளிவிடும். எங்கள் ஊரில் ஒரு கட்டு சுமார் 15 கிலோ இருக்கும். ஏக்கருக்கு முப்பது, முப்பத்தைந்து கட்டு வரும். இது வந்த பிறகுதான் வைக்கோல் லாரி ஏறியது. நாமக்கல், சேலம், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் பால்மாடு அதிகம், நெல் வயல் குறைவு. கேரளத்துக்கும் நம்ம வைக்கோல் போகுது. அங்கே 1970-களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடி இப்போது இரண்டு லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. நெல் இல்லையென்றால் வைக்கோல் ஏது? ஆனால் மாடு இருக்கிறதே. நம்ம பக்கமும் 2011-ல் அரசு விலையில்லா கறவை மாடு, ஆடு திட்டம் கொண்டுவந்தது. குழுக் கடனிலும் நிறையப் பேர் மாடு வாங்கினோம்.

ஆக, வைக்கோல் கிடைக்கிற காலம் இரண்டு மாசம். கேட்கிற ஊர் பத்து ஜில்லா. இதுவரைக்கும் நாலு ஊருக்குள் இருந்த விலை, இப்போது எங்கோ இருக்கிற மாட்டுக்காரரின் தேவையைப் பார்த்து ஏறுது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். நமக்கும் கூடுதல் விலை கிடைக்கணுமே? கிடைக்கலையே, ஏன்? அதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் விற்றதும் நான் வாங்கியதும்

எங்களுக்குக் குத்தகை நிலம் ஒன்றரை ஏக்கர். 2013-ல் குழுக் கடனில் 22,000 ரூபாய்க்கு ஒரு கறவை மாடு வாங்கினேன். வேளைக்கு மூன்று லிட்டர் கறந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் ஓடியது.

2016 தை மாசம் சம்பா நல்லா விளைந்திருந்தது. வைக்கோலும் ஏராளம். வியாபாரி மிஷினோடு வந்து, "ஏக்கருக்கு இவ்வளவு தர்றேன், வயலைக் காலி பண்ணித் தர்றேன்" என்றார். மிஷினுக்குக் கட்டுக்கூலி கொடுக்க எங்கள் கையில் காசு இல்லை. குத்தகை பாக்கி வேறு நெருக்கியது. மாட்டுக்கு என்று கொஞ்சம் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை எல்லாம் கொடுத்துவிட்டோம். கணக்குப் போட்டால் கட்டுக்கு இருபது ரூபாய்தான் எங்களுக்கு நின்றது. அப்போது அது தப்பாகவே தெரியலை. வயலில் சும்மா கிடந்ததுக்குக் காசு வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வருஷம் மேட்டூரும் கைகொடுக்கலை, ஐப்பசி மழையும் பொய்த்தது. தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் காணாத வறட்சி என்றார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி பாதித்த மாவட்டம் என்று அரசு அறிவித்தது. சம்பா கருகியது. கருகிய பயிரை மாட்டை விட்டு மேய்த்தோம். அது எத்தனை நாளைக்கு வரும்? நான் நிறுத்தி வைத்திருந்த வைக்கோல் மார்கழியிலேயே தீர்ந்துபோனது.

வெளியில் கேட்டால் கட்டு 200 ரூபாய், 250 ரூபாய். நான் இருபது ரூபாய்க்குக் கொடுத்தேனே, அதே வைக்கோல்! அதுவும் பழைய வைக்கோல், பாதி தூசி. பத்துக் கட்டு வாங்கினேன். மாசத்துக்குக்கூட வரலை. பால் அரை லிட்டருக்கு இறங்கியது. மாட்டின் விலா எலும்பை எண்ணிப் பார்க்கலாம். ராத்திரி அது கத்தினால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மாசியில் 9,000 ரூபாய்க்கு அதை விற்றோம். ஊரில் எல்லாரும் விற்றதால் மாட்டுக்கும் விலை இல்லை. வைக்கோலுக்கு விலை ஏறினால் மாட்டு விலை இறங்கும். இது தராசுத் தட்டு மாதிரி.

மாடு போன பிறகும் கடைசி ஏழு தவணை கட்டினேன். ஒவ்வொரு தடவை குழுவில் பணம் வைக்கும்போதும் மனசு ரணமாக இருக்கும். என் வீட்டுக்காரர், "மாட்டைத் தின்னது வறட்சி இல்ல, தை மாசத்து அவசரம்" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது நிஜம்தான்.

வியாபாரி மேல் பழி போடலாமா?

வியாபாரியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. போன வருஷக் கணக்கை விசாரித்து எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஏக்கர் வைக்கோல் 800 ரூபாய். 35 கட்டு என்றால் கட்டுக்கு 23 ரூபாய். மிஷின் கூலி கட்டுக்கு 40. ஆக வயலிலேயே 63 ரூபாய். அதற்கு மேல் ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி, நனைந்து வீணாவது எல்லாம் இருக்கு. அவர் சும்மா சம்பாதிக்கவில்லை. ஆனால் அவரிடம் நம்மிடம் இல்லாத இரண்டு இருக்கு. ஒன்று, வைக்கோலை அடுக்கி வைக்க மழை படாத இடம். இன்னொன்று, ஐப்பசி வரை காத்திருக்க முடிகிற பணம்.

இந்த இரண்டும் யாரிடம் இருக்கோ அவரிடம்தான் விலை இருக்கு. தாத்தா காலத்தில் இடம் பண்ணையிடம் இருந்தது. இப்போது மனை நமக்குச் சொந்தம். ஆனால் காத்திருக்கிற சக்தி இன்னும் நம்மிடம் வரலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்ம பக்கத்தில் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து, பயறு தெளிப்போம். அறுத்த பிறகு அது முளைத்து நிற்கும். அதன் மேல் முதலில் அறுப்பு மிஷின் ஓடுது, அப்புறம் கட்டு மிஷின் ஓடுது. முளை நசுங்கிப்போகும். அதனால் உளுந்து வேண்டுமென்றால் வைக்கோலை விட வேண்டும், வைக்கோல் வேண்டுமென்றால் உளுந்தில் கொஞ்சம் இழக்க வேண்டும். இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் யாரும் முடிவு செய்யணும்.

ஐந்து பேர் போட்ட போர்

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. தாளடி அறுத்துக் கட்டுப் போட்ட வயல்களில் கட்டுகள் அப்படியே கிடந்தன. லாரி வரலை. கட்டுக்கூலி வந்தால் போதும் என்று நிலத்துக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் குழுவில் மாடு வைத்திருக்கிற ஐந்து பேர் சேர்ந்தோம். அதற்குள் நானும் ஒரு கிடேரி வாங்கியிருந்தேன். உள்கடன் எடுத்து 150 கட்டு வாங்கி, ஓர் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் அடுக்கினோம்.

முதல் வருஷம் நன்றாகப் பாடம் கற்றோம். தரையிலேயே அடுக்கிவிட்டோம். நிவர் புயல் மழை, அப்புறம் புரெவி, 2021 ஜனவரியில் மறுபடி கனமழை. அடி வரிசை முப்பது கட்டு பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போனது. பூஞ்சை வைக்கோலை மாட்டுக்குப் போடக்கூடாது, நோய் வரும். எல்லாம் எருக்குழிக்குப் போனது. ஒரு பங்காளிச் சண்டையே வந்திருக்கும், நல்லவேளை ஐந்து பேரும் வாயை அடக்கிக்கொண்டோம். ஆனாலும் மிச்சக் கட்டு ஐந்து மாட்டுக்கும் அந்த மழைக்காலத்தைத் தாண்ட உதவியது. அந்த மழையில் மற்ற வீடுகளில் வைக்கோலுக்கு அலைந்ததைப் பார்த்தபோது முப்பது கட்டு போன வருத்தம் கொஞ்சம் தீர்ந்தது.

அடுத்த வருஷம் செங்கல் வைத்து, மேலே பனங்கட்டை பரப்பி, அதன் மேல் அடுக்கினோம். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். நடு உயரமாக, இரண்டு பக்கமும் சரிவாக அடுக்கித் தார்ப்பாய் போட்டோம். அப்பாயி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "சரிவு பத்தாது, இன்னும் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டுகூட வீணாகவில்லை. ஈரக் கட்டை உள்ளே வைத்தால் சூடேறித் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஒவ்வொரு கட்டையும் கை விட்டுப் பார்த்துத்தான் அடுக்குகிறோம்.

எல்லா வருஷமும் லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். 2022-ல் மே 24-ஆம் தேதியே மேட்டூர் திறந்தார்கள். ஊரெல்லாம் பசும்புல். எங்கள் ஊரில் அந்த வருஷம் வைக்கோல் விலை பெரிதாக ஏறவில்லை. வெளியே விற்ற கட்டில் கூலி போகக் கையில் ஒன்றும் நிற்கலை. ஆனால் எங்கள் மாடு எதுவும் சந்தைக்குப் போகலை. அதுவே லாபம் என்று எடுத்துக்கொண்டோம்.

சகோதரிகளுக்கு ஒரு கணக்கு

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைப்போம். மாசம் 150 கிலோ. அதாவது 10 கட்டு. ஆடியில் நடவு தொடங்கினால் மேய இடம் கிடையாது. ஆடி முதல் மார்கழி வரை ஆறு மாசத்துக்கு 60 கட்டு வேணும். மாசியில் கட்டு 70 ரூபாய் என்றால் 4,200 ரூபாய். ஐப்பசியில் 150 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். வித்தியாசம் 4,800 ரூபாய். ஒரு மாட்டுக்கே இவ்வளவு. நம்ம கூட்டமைப்பில் எத்தனை வீட்டில் மாடு இருக்கு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வைக்கோலில் சத்து குறைவுதான், வயிறுதான் நிரம்பும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்துக் கொடுத்தால் சத்து கூடும் என்று கால்நடைப் பயிற்சியில் சொன்னார்கள். அளவு மாறினால் விஷம். கன்றுக்குட்டிக்குக் கொடுக்கவே கூடாது. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மாடு இல்லாத சகோதரிகள் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். அதற்கும் பூஞ்சை இல்லாத நல்ல வைக்கோல்தான் வேணும்.

1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கிற திட்டத்தைத் தொடங்கியது. 1990-களின் கடைசியில் மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதில் பிறந்தவைதான் நம் குழுக்கள். நமக்குக் கிடைத்தது கடன் என்று மட்டும் நினைக்கிறோம். நான் அதைக் காத்திருக்கிற சக்தி என்று நினைக்கிறேன். தை மாசத்தில் அவசரப்பட்டு விற்காமல் இருக்கவும், மாசியில் கூட்டாக வாங்கி வைக்கவும் நமக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

அதனால் கூட்டமைப்பிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு ஊராட்சியிலும் மேடான இடமாக ஒன்றைப் பார்த்து, வரும் மாசிக்குள் பொது வைக்கோல் போர் ஒன்று போட வேண்டும். மாடு உள்ள உறுப்பினர்கள் ஆளுக்கு முப்பது கட்டுக்கு முன்பணம் கட்டட்டும். கட்ட முடியாதவர்களுக்கு உள்கடன் கொடுக்கலாம். ஐப்பசியில் வாங்கின விலையோடு கூலியும் தேய்மானமும் மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தை வெளியே விற்றால் வருவது கூட்டமைப்புக்கு. கணக்கு நோட்டை நான் எழுதித் தருகிறேன். எங்கள் ஐந்து பேர் நோட்டு, பூஞ்சை பிடித்த முப்பது கட்டு உட்பட எல்லாம் எழுதி இருக்கு, யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

சிரித்த அக்காவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "2017-ல நானும் ரெண்டு மாட்டை வித்தேன்டி" என்றார். அப்புறம், அவர் வீட்டுக் கொல்லை மேடாகத்தான் இருக்கு, போர் அங்கேயே போடலாம் என்று சொல்லியிருக்கிறார்.



இப்படிக்கு,
உங்கள் குழுச் சகோதரி ஒருத்தி